கூரை விளக்கிலிருந்து லைன் இழுக்கலாமா?



இஸ்திரிப் பெட்டியின் ஒயர், மிக்ஸியின் கார்பன் பிரஷ், கிரைண்டரின் பெல்ட் என்று இந்தப் பக்கத்தில் இதுவரை வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தோம். இந்தத் தடவை கொஞ்சம் வாசலுக்கு வருவோமா? வாசலில் நிற்கிற காருக்கு!

"காரா? அது அவர் டிபார்ட்மென்ட் ஆச்சே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பின் சீட்டில் குழந்தையோடு உட்காருவது யார்? நாம்தானே? அந்தக் குழந்தையின் தலைக்கு மேலே யாரோ ஒருவர் ஒயரை வெட்டி ஒட்டுகிறார் என்றால், அதில் நமக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டுக்காரர் காரின் முன்கண்ணாடியில் ஒட்டுகிற காமிரா ஒன்று வாங்கி வந்திருக்கிறார். கடைக்காரர், 'மேல இருக்கிற ரூஃப் லைட்லேர்ந்து ஒரு லைன் எடுத்துக் குடுத்துடறேன் சார், ஒயரே வெளியில தெரியாது, பத்து நிமிஷ வேலை' என்கிறாராம். எட்டு மாதக் குழந்தையோடு அந்தக் காரில் போய் வருகிறேன். எனக்கு பயமாக இருக்கிறது. இவரோ 'உனக்கு எதற்கெடுத்தாலும் பயம்' என்கிறார். என் பயம் சரியா, அசட்டுத்தனமா?"

அசட்டுத்தனம் இல்லவே இல்லை, அம்மா. அதே சமயம், கூரை விளக்கிலிருந்து லைன் எடுப்பதே பாவம் என்றும் சொல்ல மாட்டேன். எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை நாம் புரிந்துகொண்டுவிட்டால், கடையில் நான்கு கேள்வி கேட்கலாம். நான்கு கேள்வி கேட்கிற வீட்டுக்காரியின் காரில் யாரும் பத்து நிமிஷ வேலை செய்ய மாட்டார்கள்!

முதலில், இந்தக் காமிரா எதற்கு?

டேஷ் கேம் என்று சொல்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி. வண்டி ஓடும்போது எதிரே நடப்பதையெல்லாம் ஒரு சின்னக் கார்டில் பதிவு செய்துகொண்டே போகும். கார்டு நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் எழுதும். சிக்னலில் யாரோ வந்து இடித்துவிட்டு, "நீங்கதான் ரிவர்ஸ் வந்தீங்க" என்று சண்டைக்கு வந்தால், பதில் சொல்ல ஒரு சாட்சி. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடப்பில் இருக்கிறது. மின்னணுப் பதிவுகளை எப்படிக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும் என்று அதன் 63-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஏதாவது விபத்து நடந்துவிட்டால் கார்டை உடனே கழற்றிப் பத்திரமாக வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டினால் பதிவு அழிந்துவிடும்.

இன்னொன்றையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பல காமிராக்கள் காருக்குள் பேசுகிற பேச்சையும் சேர்த்தே பதிவு செய்யும். நாத்தனாரைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் அதுவும் கார்டில் ஏறும்! வேண்டாமென்றால் மைக்கை நிறுத்திவைக்க வசதி இருக்கும். நிறுத்திவிடுங்கள்.

நல்ல பொருள்தான். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டுமே? சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காருக்குள் கரண்ட்

நம் வீட்டில் ஓடுவது 230 வோல்ட். தொட்டால் தூக்கி எறியும். காரில் இருப்பது 12 வோல்ட் பாட்டரி. விரலால் தொட்டால் ஷாக் அடிக்காது. இதனால்தான் பலபேர் "பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?" என்று அலட்சியமாக இருக்கிறார்கள். ஷாக் அடிக்காதே தவிர, சூடு உண்டு. கார் பாட்டரி ஒரே நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளக்கூடியது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய அவ்வளவு வேண்டியிருக்கிறது. அதே வேகம் மெல்லிசான ஒயர் ஒன்றின் வழியாகத் தவறான பாதையில் பாய்ந்தால், ஒயர் பழுக்கக் காய்ந்து உறை உருகும்.

நம் பெண்களுக்கு முக்கியமான விஷயம்: பாட்டரி பக்கம் கை வைப்பதானால் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கழுத்துச் செயின் தொங்காமல் ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டரியின் பிளஸ் முனைக்கும் காரின் இரும்புக்கும் நடுவில் ஒரு தங்க மோதிரம் மாட்டினால் போதும், அது விரலோடு சேர்ந்து காய்ந்துவிடும். மெக்கானிக்குகள் பலருக்கு விரலில் அந்தத் தழும்பு உண்டு.

காரில் இன்னொரு வேடிக்கை. வீட்டில் விளக்குக்குப் போக ஓர் ஒயர், வர ஓர் ஒயர் என்று இரண்டு இழுப்போம். காரில் பெரும்பாலும் போவதற்குத்தான் ஒயர். திரும்பி வருவதற்கு காரின் இரும்பு உடம்பே ஒயர்! பாட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே உரிந்துபோன பிளஸ் ஒயர் காரின் எந்த இரும்பில் பட்டாலும் ஷார்ட்தான். கூரையும் இரும்புதான் என்பதை மறக்காதீர்கள்.

கூரை விளக்கு ஏன் ஆசை காட்டுகிறது?

காமிரா ஒட்டுவது முன்கண்ணாடியின் மேல் பகுதியில், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில். கூரை விளக்கு அங்கிருந்து ஒரு சாண், இரண்டு சாண். கீழே இருக்கிற ஃப்யூஸ் பெட்டியிலிருந்து ஒயர் கொண்டுவருவதென்றால் டேஷ்போர்டைச் சுற்றி, ஓரத் தூணுக்குள் ஏற்றி, மேல் லைனிங்குக்குள் நுழைத்து வர வேண்டும். ஒரு மணி நேர வேலை. கூரை விளக்கிலிருந்து என்றால் மூடியைக் கழற்றி, ஒயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி... கடைக்காரர் சொன்ன பத்து நிமிஷம்!

சரி, அந்த விளக்குக்கு வருகிற ஒயரில் என்ன இருக்கிறது? கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது அல்லவா? சாவி போடாமலே எரிகிறது. அதாவது, பெரும்பாலான கார்களில் அங்கே எப்போதும் பாட்டரிக் கரண்ட் காத்துக்கொண்டே இருக்கிறது. கதவு திறக்கும்போது இன்னொரு முனை சேர்ந்து விளக்கு எரிகிறது. காமிராவை அந்த எப்போதும் உயிரோடு இருக்கிற ஒயரில் மாட்டினால், நீங்கள் காரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்ட பிறகும் காமிரா ஓடிக்கொண்டே இருக்கும். கதவோடு சேர்ந்து எரிகிற இன்னோர் ஒயரில் மாட்டினால், கதவு திறந்திருக்கும்போது மட்டும் ஓடும். ஓடுகிற வண்டியில் நின்றுவிடும். என்ன பிரயோசனம்?

சில கார்களில் நிறுத்திய கொஞ்ச நேரத்துக்குப் பின் கூரை விளக்கின் லைனைக் காரே தானாகத் துண்டித்துவிடும். இரவில் தானாக மங்குகிற பின்பார்வைக் கண்ணாடி உள்ள கார்களில், அந்தக் கண்ணாடிக்கு வருகிற ஒயரில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும். காருக்குக் கார் மாறுபடும். ஒயரின் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. "சிவப்புதான் பிளஸ், எனக்குத் தெரியாதா" என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். மீட்டர் வைத்துப் பார்க்கிறவரிடம் கொடுங்கள்.

நாலு நாள் கல்யாணமும் ஒரு பாட்டரியும்

கணக்கு ஒன்று போடலாமா? பால் கணக்கைவிட இது சுலபம்.

சாதாரண டேஷ் கேம் இழுப்பது சுமார் 5 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அது ஏறக்குறைய 0.4 ஆம்பியர். கொசு கடித்த மாதிரி. ஆனால் கொசு இருபத்து நாலு மணி நேரமும் விடாமல் கடித்தால்? 0.4 பெருக்கல் 24, கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-மணி. நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்களில் பலவற்றில் இருக்கிற பாட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. நாலாவது நாள் துடைத்து வைத்த பாத்திரம். பாட்டரி பழசாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே ஸ்டார்ட் ஆகாது.

என் நாத்தனார் வீட்டில் இது நடந்தது. மதுரையில் ஒரு கடையில் காமிரா மாட்டிக் கொடுத்தார்கள். கூரை விளக்கிலிருந்து நேரே லைன். அழகாகத்தான் இருந்தது, ஒயர் ஒன்றுகூட வெளியில் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரும் ரயிலில் கும்பகோணம் கல்யாணத்துக்குப் போனார்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்த இரவு, இரண்டு மணிக்குப் பேரனுக்கு இளைப்பு வந்துவிட்டது. குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது. அவள் மாப்பிள்ளை ஓடிப்போய்ச் சாவியைத் திருப்புகிறார். "கட், கட், கட்" என்று சத்தம். அவ்வளவுதான். வண்டி எழுந்திருக்கவில்லை.

"அத்தை, வண்டி ஸ்டார்ட் ஆகலை!" என்று அவர் கத்த, நாத்தனார் கீழ்வீட்டு ஆட்டோக்காரரின் கதவைத் தட்ட, அந்தப் புண்ணியவான் லுங்கியோடு எழுந்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். குழந்தை பிழைத்தது. காலையில் வந்த மெக்கானிக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பாட்டரி புதுசுதான். இந்தக் காமிரா நாலு நாளா உங்க பார்க்கிங் சுவரைப் படம் பிடிச்சிட்டிருக்கு!" என்றாராம்.

நாத்தனார் இதைச் சொல்லும்போது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்வீட்டில் ஆட்டோ இல்லாதிருந்தால்?

ராத்திரியில் வண்டி எழுந்திருக்காமல் போனால் முதல் வேலையாக 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியோடு போராடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஃப்யூஸ் யாருக்காக?

முன்பெல்லாம் வீட்டில் ஃப்யூஸ் போனால் மாமனாரே ஸ்டூல் போட்டு ஏறி, கட்டையை உருவி, கையில் அகப்பட்ட தடிக் கம்பியைச் சுற்றிவிடுவார். "இனிமே போகவே போகாது பாரு!" என்று பெருமை வேறு. போகாதுதான். அதற்குப் பதில் சுவருக்குள் இருக்கிற ஒயர் போகும்.

ஃப்யூஸ் என்பது கருவியைக் காப்பாற்ற என்று நினைக்கிறோம். முதல் வேலை ஒயரைக் காப்பாற்றுவது. ஒயர் தாங்குகிற அளவுக்குக் கீழே ஃப்யூஸ் அறுந்துவிட வேண்டும். கூரை விளக்குக்கு வருகிற லைனில் கம்பெனி ஒரு ஃப்யூஸ் வைத்திருக்கும். பல கார்களில் அது 10 ஆம்பியர் போல இருக்கும். அதே ஃப்யூஸில் பாட்டுப் பெட்டி, கதவுப் பூட்டு என்று வேறு சிலவும் தொங்கிக்கொண்டிருக்கும். கம்பெனி போட்ட ஒயருக்கு அந்த ஃப்யூஸ் சரி. ஆனால் கடைக்காரர் புதிதாகச் சேர்க்கிறாரே, முடி மாதிரி மெல்லிசு ஒயர், அதற்கு? அது எங்காவது கூரை இரும்பில் உரசி ஷார்ட் ஆனால், 10 ஆம்பியர் ஃப்யூஸ் அறுவதற்குள் அந்த மெல்லிசு ஒயர் காய்ந்து புகையக்கூடும். எங்கே? மேல் லைனிங் துணிக்கும் கூரைக்கும் நடுவில். துணியும் பஞ்சும் இருக்கிற இடம்.

ஆகவே லைன் எடுக்கிற இடத்திலேயே, இணைப்புக்கு மிகப் பக்கத்தில், 1 அல்லது 2 ஆம்பியர் தனி ஃப்யூஸ் ஒன்று வேண்டும். 0.4 ஆம்பியர் இழுக்கிற காமிராவுக்கு அது தாராளம்.

கார் ஃப்யூஸ்களின் நிறங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் சாம்பல், 3 ஊதா, 5 இளம்பழுப்பு, 7.5 காப்பிப்பொடி நிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. நாளைக்கு யாராவது "சிவப்பு இல்லைம்மா, மஞ்சள் போட்டுட்டேன், ஓடும்" என்றால், பத்தின் இடத்தில் இருபதைப் போட்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று: காமிராவுக்கு வேண்டியது பெரும்பாலும் 5 வோல்ட்தான். பன்னிரண்டை ஐந்தாகக் குறைக்கிற சின்னப் பெட்டி நடுவில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நேரே கொடுத்தால் காமிரா அன்றைக்கே கற்பூரம்.

தூணுக்குள் ஒரு காற்றுப்பை

குழந்தை வைத்திருக்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயமானது. 2021-இல் முன்சீட்டின் இன்னொரு பக்கத்துக்கும் விதி வந்தது. இவை ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் இருப்பவை. இப்போது வருகிற பல கார்களில் இவை தவிரத் திரை மாதிரி நீளமான காற்றுப்பைகளும் இருக்கின்றன. எங்கே தெரியுமா? பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு மேலே, கூரை ஓரத்தில், முன் தூணிலிருந்து பின்பக்கம் வரை மடித்துச் சுருட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் இடி விழுந்தால் கண் இமைப்பதற்குள் திரைபோல இறங்கி, பின் சீட்டில் இருக்கிற குழந்தையின் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெத்தையாக நிற்கும்.

கூரை ஓரமாகவோ தூண் வழியாகவோ ஒயர் கொண்டுபோகிறவர், அந்தப் பைக்கு முன்புறமாக ஒயரைச் செருகிவிட்டால், பை விரியும்போது ஒயர் தடுக்கும், அல்லது ஒயரும் அதோடு சேர்ந்த பெட்டியும் முகத்தை நோக்கிப் பறக்கும். தூணின் மூடியைக் கழற்றி மறுபடி சரியாக மாட்டாவிட்டாலும் ஆபத்துதான். சில கார்களில் அந்த மூடிக்குப் பிரத்தியேகமான கிளிப் உண்டு. ஒரு தடவை கழற்றினால் புதிது போட வேண்டும்.

உங்கள் காரில் இந்தப் பை இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். தூண்களிலும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ ஆங்கிலத்தில் எழுத்துப் பொறித்திருக்கும். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை தேடிப் பாருங்கள். இருந்தால், ஒயரைப் பைக்குப் பின்புறமாக, கம்பெனி ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டத் தெரிந்தவர்தான் கை வைக்கலாம். ஏர்பேக் ஒயர்களின் இணைப்பான்கள் பொதுவாக மஞ்சள் நிறம். அவற்றில் டெஸ்ட் லைட்டோ மீட்டரோ வைத்துக் குத்திப் பார்க்கவே கூடாது. மின்சாரக் கார், ஹைபிரிட் கார் வைத்திருந்தால் ஆரஞ்சு நிற ஒயர் தடியாக ஓடும். அதன் பக்கமே போகக் கூடாது. அது 12 வோல்ட் இல்லை, உயிரை எடுக்கிற வோல்ட்.

ஏர்பேக் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பை விரிகிற வேகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் குழந்தை இருக்கும்.

நம் ஊர் வெயில்

2018-இல் அமெரிக்காவில், நம் ஊர் போலவே வெயில் கொளுத்துகிற அரிசோனாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களுக்குள் சராசரி வெப்பம் 47 டிகிரி செல்சியஸ் ஆனது. டேஷ்போர்டு 69 டிகிரி. தோசைக்கல்லுக்கு ஒரு படி கீழே!

முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு இந்தச் சூட்டில் எத்தனை கோடை தாங்கும்? டேப்பின் பசை இளகி, ஓரம் பிரிந்து, வண்டியின் அதிர்ச்சியில் முறுக்கு தளர்ந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கிற ஸ்லீவ் போட்டால் தாங்கும். ஒயரைக் கடித்துக்கொண்டு உட்காருகிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உண்டு. அதற்கும் நிறக் கணக்கு இருக்கிறது. சிவப்பு மெல்லிய ஒயருக்கு, நீலம் நடுத்தரத்துக்கு, மஞ்சள் தடிக்கு. கூரை விளக்கின் ஒயர் மெல்லியது. கடையில் நீலம்தான் இருக்கிறதென்று அதைப் போட்டால் பிடிமானம் இருக்காது. பிடிமானம் இல்லாத இணைப்பில் சூடுதான் பிறக்கும்.

காமிரா வாங்கும்போதே உள்ளே லித்தியம் பாட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் இருக்கிற வகையாகப் பாருங்கள். வெயிலில் பாட்டரி உப்பிவிடும். கெப்பாசிட்டர் சூட்டைத் தாங்கும்.

அப்படியானால் எப்படித்தான் மாட்டுவது?

மூன்று வழி இருக்கிறது. என் மனசுப்படி வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வழி, எதையும் வெட்டாத வழி. காமிராவோடு வருகிற நீளமான ஒயரை முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் செருகி, ஓரமாக இறக்கி, டேஷ்போர்டில் இருக்கிற சார்ஜர் ஓட்டையில் செருகிவிடலாம். ஒயரைத் தூணின் மூடிக்குள் திணிக்காமல், கதவோர ரப்பர் பட்டையின் இடுக்கில் விடச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்தால் அந்த ஓட்டையும் தூங்கிவிடும். பாட்டரி பயமில்லை. கொஞ்சம் ஒயர் தெரியும். தெரிந்தால் என்ன, பெண் பார்க்கவா வருகிறார்கள்?

இரண்டாவது வழி, ஃப்யூஸ் பெட்டியிலிருந்து. ஃப்யூஸ் டேப் என்று ஒரு சின்னச் சாமான் கிடைக்கிறது. இருக்கிற ஃப்யூஸை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதைச் செருகினால், பழைய ஃப்யூஸுக்கு ஓர் இடம், காமிராவின் புது ஃப்யூஸுக்கு ஓர் இடம். ஓர் ஒயரைக்கூடச் சுரண்ட வேண்டாம். வேண்டாமென்றால் உருவிவிடலாம். நிறுத்திய வண்டியையும் காமிரா கவனிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், பாட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் தானாகத் துண்டிக்கிற வசதியுள்ள பெட்டியாக வாங்குங்கள். நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்டுக்குக் கீழே இறங்கவிடாமல் வைப்பது நல்லது.

மூன்றாவதுதான் கூரை விளக்கு. வேறு வழி சரிப்படாவிட்டால் செய்யலாம். சாவியோடு அணைகிற லைன்தானா என்று மீட்டரில் பார்த்து, தனி ஃப்யூஸ் வைத்து, முறையாகப் பற்றவைத்து, காற்றுப்பையைத் தொடாமல் செய்தால் தப்பில்லை. மழை தெரிந்து தானே துடைக்கிற கருவி, ரோட்டுக் கோட்டைக் கவனிக்கிற காமிரா என்று கம்பெனியே கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிற புதுக் கார்களில் மட்டும் அந்த ஒயர்களில் கை வைக்க விடாதீர்கள். வாரண்டி இருக்கிற கார் என்றால், கம்பெனி சர்வீஸிலேயே கேட்டுச் செய்வது உத்தமம். வெட்டிய ஒயரைக் காட்டி மின்சாரப் பகுதிக்கு வாரண்டியை மறுத்துவிடக்கூடும்.

கடையில் கேட்க ஏழு கேள்விகள்

தாளைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த லைனிலிருந்து எடுக்கப் போகிறீர்கள்? சாவி எடுத்தால் அணையுமா?
2. மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?
3. தனி ஃப்யூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர்?
4. 12-ஐ 5 ஆக்குகிற பெட்டி எங்கே இருக்கும்?
5. முறுக்கி டேப் சுற்றுவீர்களா, பற்றவைப்பீர்களா?
6. எங்கள் காரில் கூரை ஓரத்தில் ஏர்பேக் இருக்கிறது. ஒயர் எந்தப் பக்கமாகப் போகும்?
7. வேலை ஆரம்பிக்குமுன் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவீர்களா?

ஏழாவதற்கு ஒரு விளக்கம். மீட்டரில் பார்த்து முடித்ததும், ஒயரில் கை வைக்குமுன், முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும், கடைசியில் அதைத்தான் மாட்ட வேண்டும். கழற்றியவுடன் உள்ளே பாயக் கூடாது. ஏர்பேக் கருவி கொஞ்ச நேரம் கரண்டைச் சேமித்து வைத்திருக்கும். சில நிமிஷம் பொறுத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.

இந்த ஏழுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர் நல்ல வேலைக்காரர். அவர் நூறு, இருநூறு கூடக் கேட்டாலும் கொடுங்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.

வீட்டுக்கு வந்தபின் மூன்று சோதனைகள்

முதல் நாள் இரவு காரைப் பூட்டி அரை மணி கழித்துப் போய், வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பாருங்கள். காமிராவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால், கரண்ட் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுநாளே கடைக்குப் போங்கள். ஊருக்குப் போகும்போது காமிராவின் ஒயரை உருவிவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, சாவியைத் திருப்பியவுடன் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, எரியவே இல்லை என்றாலோ, ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம். அந்தக் காரில் குழந்தையை ஏற்றாதீர்கள். நேரே சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, மூக்கு. அடுப்பில் பால் அடிப்பிடிப்பதைக் கூடத்தில் இருந்தே கண்டுபிடிக்கிறவர்கள் நாம். காரில் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தால் "வெளியிலேர்ந்து வருது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, சாவியை அணைத்து, முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பத்திருபது அடி தள்ளி நில்லுங்கள். சாமான், பை எல்லாம் அப்புறம். புகை வந்தால் 101-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. காமிராவை டிரைவரின் பார்வை மறைக்காதபடி, பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள். பொம்மை, மாலை, எலுமிச்சம்பழம், காமிரா என்று கண்ணாடி முழுக்கத் தொங்கவிட்டால் ரோடு எங்கே தெரியப் போகிறது?

அடுத்த இதழில் இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றிப் பேசலாம். எந்தத் தண்ணீர், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று நிறையச் சகோதரிகள் கேட்டிருக்கிறீர்கள். அதுவரை பாட்டரி மூடியைத் திறந்து குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். காரணத்தை அப்போது சொல்கிறேன்!